டூசானிலிருந்து நொகாலஸ் வரை: அமெரிக்க–மெக்சிகோ எல்லைக்குக் கற்றல் பயணம் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தெற்கு அரிசோனாவில் ஓடும் ஐ-19 நெடுஞ்சாலையில் தூரம் மைலில் இல்லை, கிலோமீட்டரில் எழுதியிருக்கும். டூசானில் ஏறி நூறு கிலோமீட்டர் போனால் சாலை நொகாலஸில் முடிகிறது. ஊர் முடியவில்லை. நடுவில் கம்பங்களாக நட்ட உயரமான இரும்புத் தடுப்பு. இந்தப் பக்கம் அரிசோனா மாநிலத்து நொகாலஸ், அந்தப் பக்கம் சொனோரா மாநிலத்து நொகாலஸ். புலம்பெயர்வோரின் உரிமை பற்றி நேரில் கற்றுக்கொள்ள வருகிற பல்கலைக்கழகக் குழுக்களும் தேவாலயக் குழுக்களும் பெரும்பாலும் இந்த நூறு கிலோமீட்டருக்குள்தான் நான்கைந்து நாள் சுற்றுகிறார்கள். அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழர்கள் இப்படி ஒரு குழுவில் சேர என்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் படி: போவதற்கு முன் படிக்க வேண்டியது

குறைந்தது நான்கு வாரம் ஒதுக்குங்கள். படிக்காமல் போனால் கண்ணில் படுவது ஒரு சுவரும் கொஞ்சம் சோகமும்தான்.

தொடங்க வேண்டிய ஆண்டு 1994. அதற்கு முன் எல்லை தாண்டியவர்களில் பெரும்பாலோர் சான் டியேகோ, எல் பாசோ போன்ற நகரங்கள் வழியாகத்தான் வந்தார்கள். 1993-ல் எல் பாசோவிலும் 1994-ல் சான் டியேகோவிலும் காவலர்களையும் வேலியையும் குவித்து அந்த வழிகளை அடைத்தார்கள். 1994-ல் எல்லைக் காவல் படை எழுதிய திட்ட ஆவணம் இதை ஒளிக்கவே இல்லை. ஊர் வழியை அடைத்தால் ஆட்கள் கடினமான நிலப்பரப்புக்குத் தள்ளப்படுவார்கள், அது அவர்களைத் தயங்க வைக்கும் என்பதே கணக்கு. ஆட்கள் தயங்கவில்லை, பாலைவனத்துக்குள் போனார்கள். 2000 முதல் தெற்கு அரிசோனாவில் மட்டும் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல்களும் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. இந்தச் சாவுகளுக்கு வெயில்தான் காரணம் என்று யாராவது சொன்னால், அந்த வெயிலுக்குள் அவர்களை அனுப்பியது எது என்று திருப்பிக் கேட்கிற அளவுக்காவது படித்திருக்க வேண்டும்.

அதே 1994 ஜனவரி 1 அன்றுதான் வட அமெரிக்கத் தடையில்லா வணிக ஒப்பந்தமான நாஃப்டா நடப்புக்கு வந்தது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த மலிவு மக்காச்சோளம் மெக்சிகோவுக்குள் இறங்கியது. சிறு விவசாயி போட்டியிட முடியாமல் நிலத்தை விட்டான். சரக்குக்குக் கதவு திறந்த ஆண்டிலேயே ஆளுக்குக் கதவு அடைந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து, தமிழர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. விஜயகுமார் துரைசிங்கம் இலங்கைத் தமிழர். 2017-ல் மெக்சிகோ வழியாக வந்து கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே எல்லை தாண்டியவரை, கோட்டிலிருந்து 25 கெஜத்துக்குள் பிடித்தார்கள். ஊரில் தன்னை வேனில் தூக்கிப்போய் அடித்தார்கள் என்று அச்ச நேர்காணலில் சொன்னார். புகலிடம் கேட்பவரின் பயம் நம்பத்தக்கதா என்று அதிகாரி முதலில் சலித்துப் பார்க்கும் நேர்காணல் அது. அடித்தது யார், ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நேர்காணலில் மொழிபெயர்ப்புச் சிக்கல் இருந்தது என்று பின்னர் தன் மனுவில் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூன் 25 அன்று, நீதிபதி முன் முழு விசாரணை இல்லாமல் திருப்பி அனுப்பும் இந்த விரைவு வெளியேற்றத்தில் சிக்கியவர்கள் அந்த முடிவை ஆட்கொணர்வு மனு மூலம் கேள்வி கேட்க முடியாது என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஹோண்டுராஸ்காரர், குவாத்தமாலாக்காரர் எல்லோரையும் இன்று கட்டுப்படுத்தும் அந்தத் தீர்ப்பு ஒரு தமிழரின் பெயரில் இருக்கிறது.

நடப்பு நிலவரத்தையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2025 ஜனவரி 20 அன்று எல்லையில் புகலிடம் கேட்கும் வழியை அதிபரின் பிரகடனம் நிறுத்தியது. சிபிபி ஒன் என்ற அரசுச் செயலி வழியே எல்லை அதிகாரியைச் சந்திக்க நேரம் வாங்கும் முறையும் அன்றே நின்றது. இதன் மீது வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், அவர் பார்த்த முகாம் காலியாகவும் அவர் பார்க்காத வரிசை நீளமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் படி: யாரோடு போவது

தனியாகவோ நண்பர்களோடு காரிலோ போகாதீர்கள். அங்கேயே இருந்து ஆண்டு முழுதும் வேலை செய்கிற அமைப்பு வழிநடத்தும் குழுவில் சேருங்கள். டூசானில் 1987-ல் தொடங்கிய பார்டர்லிங்க்ஸ் இத்தகைய கல்விப் பயணங்களுக்காகவே உருவான அமைப்பு. இரண்டு நொகாலஸிலும் 2009 முதல் இயங்கும் கீனோ பார்டர் இனிஷியேட்டிவ் உணவு, முதலுதவி, சட்ட உதவி எல்லாம் தருகிறது. பார்வையாளர் குழுக்களுக்குத் தனித் திட்டமும் வைத்திருக்கிறது. டெக்சஸ் பக்கம் போக விரும்பினால் எல் பாசோவில் 1978 முதல் வீடற்றவர்களையும் அகதிகளையும் தங்க வைத்துவரும் அனன்சியேஷன் ஹவுஸ் இருக்கிறது.

பதிவு செய்யும் முன் அமைப்பிடம் நான்கு கேள்வி கேளுங்கள். நம்மிடம் பேசப்போகிற புலம்பெயர்ந்தோருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் அவர்கள் நேரத்துக்குப் பணம் தரப்படுகிறதா? கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்குகிறது? அவசரத்தில் கூப்பிட வழக்கறிஞர் இருக்கிறாரா? குடியுரிமை இல்லாத பங்கேற்பாளர் எல்லை தாண்டாமலே முழுப் பயணத்தையும் முடிக்க மாற்று ஏற்பாடு உண்டா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் அந்தக் குழு நமக்கானது இல்லை. "அகதிகளோடு படம் எடுத்துக்கொள்ளலாம்", "குழந்தைகளுக்குப் பொம்மை கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்தால் விலகிவிடுங்கள்.

குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் முகாமில் சாப்பிடுகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். மார்ச் மாதக் கல்லூரி விடுமுறைக்கு இன்னும் முன்னால். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. ஜூனில் பாலைவனம் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழை. காய்ந்து கிடக்கும் ஓடையில் பத்து நிமிடத்தில் வெள்ளம் வரும்.

மூன்றாம் படி: ஆவணங்கள்

நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். குழுவில் அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இரண்டு கதவுகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்: மெக்சிகோவுக்குள் போகும் கதவு, அமெரிக்காவுக்குத் திரும்பும் கதவு.

மெக்சிகோ கதவு: செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரையோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். எச்-1பி வேலை அனுமதி 2027 வரை இருந்தாலும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது; மெக்சிகோ தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். அனுமதிக் காலமும் விசா முத்திரையும் ஒன்றுதான் என்று நினைத்துப் போய் வாசலில் திரும்பியவர்கள் உண்டு. உள்ளே போகும்போது குடிவரவு முத்திரையோ சீட்டோ கேட்டு வாங்குங்கள். நடந்து போகிறவர்களை நிறுத்தாமல் விட்டுவிடுவதும் நடக்கும். பின்னால் உள்ளே ஒரு சோதனை வந்தால் கையில் எதுவும் இருக்காது.

அமெரிக்கக் கதவு: விசா முத்திரை செல்லுபடியாக இருந்தால் சிக்கல் குறைவு. முடிந்திருந்தாலும், மெக்சிகோவில் 30 நாளுக்குள் இருந்து திரும்பினால், ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் தங்க அனுமதித்த காலம் மீதமிருந்தால், அங்கே இருக்கும்போது புது விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், பழைய முத்திரையோடு திரும்பலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதற்குத் தானியங்கி விசா மறுமதிப்பு என்று பெயர். ஐ-94-ஐ அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். எஃப்-1 மாணவர் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் கல்லூரி அதிகாரியின் பயணக் கையெழுத்தையும், எச்-1பி ஊழியர் வேலை அனுமதியின் ஒப்புதல் ஆவணமான ஐ-797-ஐயும் சமீபத்திய சம்பளச் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

புகலிட வழக்கு நிலுவையில் உள்ளவர்களும், சிறு வயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்கான டாக்கா பாதுகாப்பில் இருப்பவர்களும் வெளியே போய்த் திரும்பி வர அரசு முன்கூட்டியே தரும் முன்அனுமதிப் பரோல் இல்லாமல் எல்லை தாண்டவே கூடாது. தாண்டினால் புகலிட வழக்கைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும், டாக்கா பாதுகாப்பும் போய்விடும் ஆபத்து இருக்கிறது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு முடிவெடுங்கள். துளி சந்தேகம் இருந்தாலும் வட பக்கமே இருந்துவிடுங்கள். கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் டூசானில்தான் இருக்கிறது.

எல்லை தாண்டாதவர்களும் ஆவணத்தை விடுதியில் வைத்துவிட்டு வரக்கூடாது. 18 வயதைக் கடந்த வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். டுபாக் அருகே, நொகாலஸிலிருந்து வடக்கே வரும் வழியில், எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. கண்ணாடியை இறக்கச் சொல்லி எல்லோரும் குடிமக்களா என்று கேட்பார்கள். வேனில் முன்னால் இருப்பவர் பழக்கத்தில் "ஆமாம், எல்லோரும்" என்று சொல்லிவிடுவார். இது அடிக்கடி நடக்கும் தவறு. குடியுரிமை இல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொல்வதும், சொன்னதை ஒப்புக்கொள்வதும் வாழ்நாள் முழுக்க விசாவையும் கிரீன் கார்டையும் தடுக்கிற குற்றம். அவரவர் பதிலை அவரவர் சொல்வது என்று புறப்படும் முன்பே வேனில் பேசி வையுங்கள்.

கைப்பேசியை எல்லை அதிகாரிகள் வாங்கிப் பார்க்கலாம். முகத்தைக் காட்டித் திறக்கும் வசதியை அணையுங்கள். அங்கே சந்தித்தவர்களின் எண், படம், குரல்பதிவு எதையும் வைத்துக்கொண்டு சாவடியைக் கடக்காதீர்கள். உங்கள் போன் வழியாக அவர்கள் சிக்கக் கூடாது.

வாடகைக் காரை மெக்சிகோவுக்குள் ஓட்டாதீர்கள். அமெரிக்கக் காப்பீடு அங்கே செல்லாது. அரிசோனா பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போகலாம். திரும்பும் வரிசைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான்காம் படி: உடலும் மூட்டையும்

முழுக்கை பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, கணுக்காலை மூடும் காலணி, அகலத் தொப்பி. ராணுவ நிறத்தில் எதுவும் வேண்டாம். தூரத்தில் பார்க்கிறவருக்கு நீங்கள் காவலராகத் தெரிவீர்கள். நொகாலஸ் கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் மேலே இருக்கிறது. டிசம்பர் ஜனவரி இரவுகளில் உறைநிலைக்கு இறங்கும், கம்பளிச் சட்டை வேண்டும்.

மறக்காமல் எடுத்துப் போக வேண்டியது நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பு. சோயா (cholla) என்ற கள்ளிச் செடியின் முள் உருண்டை, லேசாக உரசினாலே தொற்றிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஒட்டும். உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி, உடம்புக்கு வெளிப்புறமாக ஒரே சுண்டாகச் சுண்டி எறிய வேண்டும். மீதி முட்களுக்குச் சாமணம்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் கெடுதல். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: சொனோராப் பக்கம் அரைத்துத் தாளித்த பீன்ஸிலும் கோதுமை டோர்ட்டியாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "சின் மன்டேகா" என்று சொன்னால் கொழுப்பில்லாமல் என்று பொருள். முகாமில் அப்படிக் கேட்கக் கூடாது. அங்கே தருவதை வாங்குங்கள், அல்லது பசியில்லை என்று நன்றி சொல்லி அமருங்கள்.

ஐந்தாம் படி: டூசானில் முதல் இரண்டு நாள்

முதல் நாள் வரைபடத்திலிருந்து தொடங்கட்டும். டூசான் அடங்கிய பீமா கவுன்ட்டியின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகமும் பாலைவனத்தில் தண்ணீர் வைக்கும் ஹியூமேன் பார்டர்ஸ் அமைப்பும் சேர்ந்து, பாலைவனத்தில் உடல் கிடைத்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு சிவப்புப் புள்ளியாகப் பதிந்து பொதுவில் வைத்திருக்கின்றன. புள்ளியைத் தொட்டால் தேதி, ஆணா பெண்ணா, இறந்த காரணம் வரும். பெயர் தெரிந்தால் பெயர். பல புள்ளிகளில் பெயர் இல்லை. குழுவில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளியைத் தேர்ந்து அதை மட்டும் அரை மணி நேரம் படியுங்கள்: பக்கத்துச் சாலை எவ்வளவு தூரம், என்ன மாதம், எந்தத் தண்ணீர்த் தொட்டி அருகில் இருந்தது. 2019 ஜூனில் அரிசோனாவின் லூக்வில் பகுதியில் இறந்துபோன ஆறு வயதுச் சிறுமி இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இந்த வழியில் நடப்பவர்கள் லத்தீன் அமெரிக்கர் மட்டுமல்ல.

சவுத்சைட் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்குப் போங்கள். 1982 மார்ச் 24 அன்று, எல் சால்வடோர், குவாத்தமாலா உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இங்கே அடைக்கலம் உண்டு என்று வெளிப்படையாக அறிவித்த இடம் இது. போதகர் ஜான் ஃபைஃப் உள்ளிட்டோர் பின்னர் வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். இன்றும் பல தன்னார்வக் குழுக்களின் வேர் அந்தக் கூடத்தில்தான்.

இரண்டாம் நாள் கூட்டாட்சி நீதிமன்றம். அனுமதியில்லாமல் முதல் முறை எல்லை தாண்டினால் ஆறு மாதம் வரை, வெளியேற்றப்பட்டபின் திரும்பி வந்தால் இரண்டு ஆண்டு வரை, முந்தைய குற்றங்கள் இருந்தால் இருபது ஆண்டு வரை சிறை. டூசானில் 2008-ல் தொடங்கிய ஆப்பரேஷன் ஸ்ட்ரீம்லைன் முறையில் ஒரே பிற்பகலில் எழுபது பேர் வரை, கை, இடுப்பு, கால் சங்கிலியோடு நிறுத்தப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இப்போது எந்த நேரம் எந்த அறையில் குடிவரவு வழக்குகள் என்பதை அன்று காலை நீதிமன்ற அலுவலகத்தில் கேளுங்கள். பொது அமர்வில் யாரும் உட்காரலாம், படமெடுக்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு ஆளுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று மட்டும் குறியுங்கள். சங்கிலிச் சத்தம் கேட்டதும் சிலர் அழுதுவிடுவார்கள். அழுகை வந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள்; அங்கே நிற்கிறவர்களின் குடும்பம் உங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

இந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதாம் மக்களின் நிலத்தை 1853-54 நில ஒப்பந்தக் கோடு இரண்டாக வெட்டிப் போனது. சுமார் நூறு கிலோமீட்டர் எல்லை அவர்கள் நிலத்தின் ஊடாகவே போகிறது. அங்கே அழைப்பு இல்லாமல் போகாதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். அவர்களைப் பொறுத்தவரை வந்தேறியது மக்கள் இல்லை, எல்லைக் கோடுதான்.

ஆறாம் படி: பாலைவனத்தில் ஒரு நாள்

பாலைவனத்தில் தண்ணீரும் முதலுதவியும் தரும் சமாரிட்டன்ஸ், நோ மோர் டெத்ஸ் போன்ற அமைப்புகளின் பழகிய ஆட்களோடு மட்டுமே இறங்குங்கள். ஒரு நெகிழிக் குடுவையில் 3.8 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட அதே கிலோ எடை. ஒவ்வொருவரும் கைக்கு ஒன்றாக இரண்டு குடுவையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இருநூறு மீட்டரில் கைப்பிடி விரல் மடிப்பில் அறுக்கத் தொடங்கும். கையை மாற்ற வழியில்லை, மறு கையிலும் அதேதான். ஐந்து நாள் நடக்கிறவருக்குக் குறைந்தபட்சக் கணக்கில் இருபது லிட்டர் வேண்டும். கோடையில் அதன் இரட்டிப்பு. நாற்பது கிலோ தண்ணீரை யாரும் சுமக்க முடியாது. பாலைவனத்தில் ஏன் சாகிறார்கள் என்பதற்கான விடை அந்தக் கைப்பிடியில் இருக்கிறது.

ஹியூமேன் பார்டர்ஸ் வைக்கும் நீலப் பீப்பாய்கள் ஒவ்வொன்றும் 55 கேலன். பக்கத்தில் உயரக் கம்பத்தில் நீலக் கொடி. குடுவை வைக்கிறவர்கள் அதன் மேல் தேதி எழுதுவார்கள். அடுத்த முறை எத்தனை குறைந்தது, எத்தனை கிழிந்தது என்று எண்ணுவார்கள். 2012 முதல் 2015 வரை 3,586 குடுவைகள் நாசமாக்கப்பட்டதாக நோ மோர் டெத்ஸ் 2018-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கீழே கத்தியால் கிழித்த குடுவையையும் விலங்கு கடித்த குடுவையையும் வேறுபடுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்: கத்தி வெட்டு நேராக இருக்கும், பல் பட்டது கிழிசலாக, துளைகளாக இருக்கும்.

வழியில் கறுப்புக் குடுவை, அடியில் கம்பளம் தைத்த காலுறை, கைக்குட்டை கிடக்கும். வெயிலில் மின்னாமல் இருக்கக் கறுப்பு, கால்தடம் பதியாமல் இருக்கக் கம்பளம். எதையும் நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள்.

நடக்கும்போது சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும்: "சோமோஸ் அமீகோஸ், தெனேமோஸ் ஆக்வா." நாங்கள் நண்பர்கள், தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் போனால் ஒளிந்திருப்பவர் பயந்து ஓடுவார், ஓட்டத்தில் கூட்டத்தைத் தவறவிடுவார். யாரையாவது சந்தித்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி எடுப்பார். பேச்சு குழறினால், வேர்வை நின்றிருந்தால், அது அவசரம். நிழல், ஈரத்துணி, 911. நினைவோடு இருப்பவரிடம், 911-ஐ அழைத்தால் எல்லைக் காவல் படையும் வரலாம் என்று சொல்லி, அவர் விருப்பத்தைக் கேட்ட பிறகே அழையுங்கள். எலும்போ உடலோ தென்பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்து ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள். உணவு, தண்ணீர், முதலுதவி வேறு. வண்டியில் ஏற்றுவது ஆள்கடத்தல் பிரிவில் வழக்காகும். தண்ணீர் வைத்ததற்கே வழக்கு வந்திருக்கிறது: கபேசா பிரியேட்டா வனவிலங்குக் காப்பகத்தில் அனுமதியில்லாமல் நுழைந்து பொருள் வைத்ததாக நான்கு தன்னார்வப் பெண்கள் 2019 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார்கள், 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. சுவரை ஒட்டிய அறுபது அடிப் பட்டை அரசு நிலம். 2025-ல் நியூ மெக்சிகோவிலும் டெக்சஸிலும் எல்லையோரத்தைப் பாதுகாப்புத் துறையின் வசம் ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே கால் வைப்பதே அத்துமீறல். வழிகாட்டி நிற்கச் சொன்ன இடத்துக்கு ஒரு அடி முன்னால்கூடப் போக வேண்டாம்.

ஏழாம் படி: நொகாலஸ், அந்தப் பக்கம்

காயே இன்டர்நாசியோனால் தெருவில், சுவருக்குக் கீழே, ஹோசே அந்தோனியோ எலேனா ரோட்ரிகஸ் என்ற 16 வயதுச் சிறுவனின் நினைவிடம் இருக்கிறது. 2012 அக்டோபர் 10 இரவு, அமெரிக்கப் பக்கம் மேட்டில் நின்ற எல்லைக் காவலர் வேலிக் கம்பங்களின் இடைவெளி வழியே சுட்டார். கல்லெறிந்தார்கள் என்பது அவர் தரப்பு வாதம். 2018-ல் நடுவர் குழுக்கள் அவரைத் தண்டிக்கவில்லை. அந்த இடத்தில் நின்று மேலே பாருங்கள். கீழிருந்து கல் எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கண்ணாலேயே அளந்துகொள்ளுங்கள். சுவரின் அமெரிக்கப் பக்கம் 2018 நவம்பரில் சுருள் முள்கம்பி சுற்றினார்கள். அதை எடுக்கச் சொல்லி 2019 பிப்ரவரியில் அரிசோனா நொகாலஸ் நகர்மன்றமே தீர்மானம் போட்டது.

மெக்சிகோ மண்ணில் ஊர்வலம், கோஷம், பதாகை எதிலும் கலக்காதீர்கள். வெளிநாட்டவர் அந்நாட்டு அரசியலில் தலையிடக்கூடாது என்று மெக்சிகோ அரசியலமைப்பின் 33-ம் பிரிவு சொல்கிறது.

உணவுக் கூடத்தில் தட்டு வைப்பது, கழுவுவது, துடைப்பது உங்கள் வேலை. "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அதே கேள்விக்கான பதிலை அவர்கள் அதிகாரி முன்னால், கடத்தல்காரன் முன்னால், உறவினரிடம் பலமுறை சொல்லிக் களைத்திருப்பார்கள். "சாப்பாடு எப்படி?", "எந்த ஊர்?" போதும், மீதியை அவர்கள் விரும்பினால் சொல்வார்கள். முகம், பச்சை குத்திய இடம், குழந்தை எதையும் படமெடுக்கக் கூடாது. ஊரில் துரத்துகிற கும்பல் படத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. கையில் பணம் கொடுக்காதீர்கள். வாங்கியவர் வெளியே போகும்போது பிடுங்கப்படுவார். "என் வழக்கறிஞரிடம் பேசுகிறேன்", "திரும்ப வருவேன்" என்ற சொல்லை வாயிலிருந்து விடவே விடாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அதை நம்பி ஒருவர் காத்திருப்பார்.

எல்லோரும் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று எண்ண வேண்டாம். குவாத்தமாலா மலைப்பகுதியினருக்கு மாம், கிச்சே போன்றவைதான் தாய்மொழி. ஸ்பானிஷில் தலையாட்டுகிறார்கள் என்றால் புரிந்தது என்று பொருளல்ல.

எட்டாம் படி: திரும்பிய பின்

ஒவ்வொரு இரவும் குழுவாக ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டுத் தூங்குங்கள். வீடு திரும்பி முதல் பத்து நாள் சமூக ஊடகத்தில் எதையும் போடாமல் இருப்பது நல்லது. பெயர், இடம், தேதி கலந்த குறிப்புகளை அமைப்பிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள். விசாவில் இருப்பவர்கள் இன்னும் ஒரு முறை யோசியுங்கள்: 2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பிப்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

தமிழ் தெரிந்தவர்களால் செய்ய முடிகிற, வேறு யாராலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது: மொழிபெயர்ப்பு. புகலிட வழக்குகளை இலவசமாக நடத்தும் சட்ட உதவி அமைப்புகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பெயர் கொடுங்கள். நாற்பது மணி நேர அடிப்படைப் பயிற்சி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஆவண மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, மலையகப் பேச்சு காதில் பழகியிருக்க வேண்டும். "இயக்கம்", "காம்ப்", "ஐசி", "சிஐடி" என்ற சொற்களை விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ள வேண்டும். பேசுகிறவர் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, சொன்னதில் ஒன்றையும் விடக்கூடாது. "வேனில வந்து தூக்கிட்டுப் போனவை" என்று ஒருவர் சொன்னால், வண்டியில் அழைத்துப் போனார்கள் என்று மொழிபெயர்த்துவிட்டு நகராதீர்கள். "தூக்கிட்டு" என்பதைக் கடத்தல் என்றே சொல்லுங்கள். பிறகு, அந்தச் சொல்லுக்கு இலங்கையில் ஒரு வரலாறு உண்டு, வேனின் நிறத்தைக் கேளுங்கள் என்று வழக்கறிஞரிடம் தனியாகச் சொல்லுங்கள்.